தலையையும் வாலையும் வெட்டாமல் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வரலாற்றுப் பேராசிரியருக்கு அரசியல் எதற்கு, தமிழ்ப் பேராசிரியர் காசாவைப் பற்றி ஏன் பேச வேண்டும், வகுப்பை ஒழுங்காக நடத்தினால் போதாதா என்று கேட்கும் கடிதங்கள் இந்தப் பக்கத்தில் அவ்வப்போது வருகின்றன. அந்தக் கேள்வியைப் பாடம் நடத்தும் நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் பேராசிரியர்கள் பேசியது வாசகர் கைக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் சிதைந்து வருகிறது என்பது உண்மை. கோளாறில் பாதி பேசுபவரிடம் இருக்கிறது, பாதி பத்திரிகை மேசையில் இருக்கிறது. இரண்டையும் சரிசெய்ய வழி உண்டு என்பதால் இதை எழுதுகிறோம்.

தமிழர்களுக்கு இது புதுப் பழக்கமும் அல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறையில் இருந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் 1930களின் இறுதியில் கட்டாய இந்தியை எதிர்த்து முன்னணியில் நின்றார். 1965இல் அதே பிரச்சினைக்காகப் பேராசிரியர் சி. இலக்குவனார் சிறை சென்றார். பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் நடத்திய க. அன்பழகனை அரை நூற்றாண்டுக்கு மேல் கட்சிக்காரர்கள் ‘பேராசிரியர்’ என்றே அழைத்தார்கள். இலங்கையில் க. கைலாசபதி தினகரன் நாளிதழின் ஆசிரியராக இருந்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. இவர்களோடு கருத்து வேறுபடலாம். பாடம் நடத்துகிறவர் பொதுவெளியில் வாய் திறக்கக் கூடாது என்று நம் மொழி என்றைக்குமே சொன்னதில்லை என்பதற்கு இவ்வளவு போதும்.

இனி எங்கள் முதல் புகார். அது ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

தமிழில் ஆதாரமும் நிபந்தனையும் வாக்கியத்தின் தலையில் வரும். உறுதியின் அளவு வாலில் வரும். நடுவில் இருப்பதுதான் செய்தி. தொல்லியல் படித்த ஒருவர் தொலைபேசியில் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “இந்த எழுத்துள்ள பானை ஓடு, காலம் கணிக்கப்பட்ட கரித்துண்டு கிடைத்த அதே மண்ணடுக்கைச் சேர்ந்தது என்பது உறுதியானால், கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே இங்கு எழுத்து வழங்கியது என்று கருத இடமுண்டு.” மேசையில் இடம் இல்லை. ‘உறுதியானால்’ வரை தலையில் வெட்டு விழுகிறது. ‘என்று கருத இடமுண்டு’ வாலில் போகிறது. மறுநாள் காலை வருவது: “கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே இங்கு எழுத்து வழங்கியது: பேராசிரியர் உறுதி.” அவர் சொல்லாத ‘உறுதி’ ஒன்று கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது. ஒரு சொல்கூடப் பொய்யாகச் சேர்க்கவில்லை என்று உதவி ஆசிரியர் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வாக்கியத்தில் ஆராய்ச்சி என்று இருந்தது வெட்டுப்பட்ட இரண்டு முனைகளில்தான்.

கீழடி விஷயத்தில் இது எவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 2018இல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் எடுத்த 6 கரிம மாதிரிகள் அமெரிக்காவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குக் காலம் கணிக்க அனுப்பப்பட்டன. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி கி.மு. 580 என்றும், 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது கி.மு. 205 என்றும் வந்தன. மாநிலத் தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் இதை அறிவித்தது. தமிழி (தமிழ் பிராமி) எழுத்துள்ள 56 ஓடுகளும் அந்த அறிக்கையில் உண்டு. இதில் ஆய்வகம் அளந்தது கரியை, ஓட்டை அல்ல. கரிக்கும் ஓட்டுக்கும் உள்ள உறவை நிறுவுவது குழி வெட்டியவரின் பதிவேடு: எந்தக் குழி, எந்த அடுக்கு, பிற்காலத்தில் யாராவது தோண்டி அடுக்கைக் குலைத்த தடம் உண்டா என்பதெல்லாம். கரியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நூறு வருட மரத்தின் நடுவயிரம் எரிந்த கரி, அந்த வயிரம் வளர்ந்த காலத்தைக் காட்டுமே தவிர அடுப்பு மூட்டிய நாளைக் காட்டாது. அதற்கும் மேல், ஏறக்குறைய கி.மு. 800 முதல் 400 வரையிலான காலப்பகுதியில் கார்பன் அளவீட்டை ஆண்டாக மாற்றிச் சரிசெய்யும் வரைகோடு தட்டையாகக் கிடக்கிறது, அதாவது வேறு வேறு ஆண்டுகளின் கரி ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். அந்தப் பகுதியில் விழும் மாதிரிக்கு ஒற்றை ஆண்டு சொல்வது கடினம். வீச்சு, அதாவது இந்த ஆண்டு முதல் அந்த ஆண்டு வரை இருக்கலாம் என்ற இடைவெளி, நூற்றாண்டுக் கணக்கில் விரியும். உலகம் முழுக்க இரும்புக்கால ஆய்வாளர்களைப் படுத்தும் தொல்லை இது.

இவற்றைச் சொன்னால் கீழடியின் பெருமை குறையும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். உண்மை நேர் எதிர். வைகைக் கரையில் செங்கல் கட்டுமானமும் உறைகிணறும் எழுத்துப் பொறித்த ஓடும் ஒன்றாகக் கிடைப்பது எந்த வெட்டும் இல்லாமலே பெரிய செய்தி. 580 என்ற எண்ணை மட்டும் தூக்கிப் பிடித்தால், நாளைக்கு வேறொரு மாதிரி வேறொரு எண்ணைத் தரும்போது எல்லாமே பொய் என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு நாமே வாசல் திறந்துவிட்டவர்கள் ஆவோம். மத்தியத் தொல்லியல் துறையின் சார்பில் முதல் இரு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் தந்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரும்படி 2025இல் அத்துறை கேட்டபோது நடந்த கூச்சலில் இந்த நுட்பங்களுக்கு இடமே இல்லாமல் போயிற்று. ‘தமிழன் பெருமை’ என்று ஒரு பக்கமும் ‘பிரிவினை’ என்று ஒரு பக்கமும் கத்தினார்கள். அடுக்கு, வீச்சு, மாதிரி என்ற மூன்று சொற்களை விளக்க ஒருவருக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் வாசகர்களுக்கே எது நியாயம் என்று புரிந்திருக்கும்.

அடுத்து கச்சத்தீவு. தேர்தல் வந்தால் அதுவும் வந்துவிடும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே பாக் நீரிணையில் 285 ஏக்கர் நிலம், ஓர் அந்தோணியார் கோயில், குடிநீர் இல்லை. அதைப் பற்றிப் பேச அழைக்கப்படும் வரலாற்றுப் பேராசிரியர் கையில் என்ன இருக்க வேண்டும்? குறைந்தது மூன்று தாள்.

முதல் தாள் 1974 ஜூன் 26, 28 தேதிகளில் கொழும்பிலும் டெல்லியிலும் கையெழுத்தான, தீவை இலங்கைப் பக்கத்தில் வைத்துக் கடல் எல்லை வகுத்த இந்திய–இலங்கை ஒப்பந்தம். அதன் 5ஆம் பிரிவு இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்கு இலங்கையின் பயண ஆவணமோ விசாவோ வேண்டியதில்லை என்கிறது. 6ஆம் பிரிவு இரு நாட்டுக் கலங்களும் மற்றவரின் கடற்பரப்பில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. இரண்டாம் தாள் 1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடா, வங்கக் கடல் எல்லைகள் பற்றிய உடன்பாட்டை ஒட்டி இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்கள். ஒரு நாட்டு மீன்பிடிக் கலங்கள் மற்ற நாட்டின் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்பது அவற்றில் வருகிறது. மூன்றாம் தாள், மேற்கு வங்கத்தின் பெருபாரியில் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது பற்றி 1960இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்து: இந்திய நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுக்க அரசமைப்புச் சட்டத் திருத்தம் வேண்டும்.

வாதம் முழுவதும் இந்த மூன்று தாள்களின் இடுக்கில்தான் இருக்கிறது. 6ஆம் பிரிவில் உள்ள ‘மரபான உரிமை’யில் மீன்பிடிப்பு அடங்குமா? அடங்குமென்றால் 1976 கடிதம் அதை ரத்து செய்கிறதா, அல்லது அந்தக் கடிதம் வேறு கடற்பகுதியைப் பற்றியது மட்டுமா? தீவு ராமநாதபுரம் சமஸ்தானத்தைச் சேர்ந்தது, 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அது அரசுக்கு வந்தது என்றால், பெருபாரி பொருந்தும். முதலிலிருந்தே தகராறில் இருந்த இடம், எல்லை வகுத்தோமே தவிர எதையும் கொடுக்கவில்லை என்றால் பொருந்தாது. மத்திய அரசின் நிலை இந்த இரண்டாவதுதான். இதில் வரலாற்றுக்காரர் துணிந்து பேசக்கூடியது சமஸ்தானத்தின் குத்தகை ஆவணங்களைப் பற்றி. ஒப்பந்த விளக்கம் சர்வதேசச் சட்டம் படித்தவர் வேலை. இன்னொருவரும் வேண்டும், அவரை நம் ஊடகங்கள் அனேகமாக அழைப்பதே இல்லை. யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ இருந்து பேசக்கூடிய ஒருவர். இலங்கை 2017இல் இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) மீன்பிடிப்பைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. நம் விசைப்படகுகளின் இழுவைமடியால் வலை அறுபட்டுத் தவிப்பவர்கள் வடமாகாணத்துத் தமிழ் மீனவர்கள். அவர்கள் தரப்பு இல்லாமல் நடக்கும் கச்சத்தீவு விவாதம், யார் எவ்வளவு உணர்ச்சியோடு பேசினாலும் பாதி விவாதம்தான்.

உலக விவகாரத்துக்கு வந்தால் ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறோம்: இனப்படுகொலை. 2009 முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு தமிழில் இதைவிடக் கனமான சொல் இல்லை. ஈழத்தவர் இனவழிப்பு என்றும் எழுதுவார்கள். காசா பற்றிப் பேச வரும் கலைப்புலப் பேராசிரியரும் இதே சொல்லைத்தான் எடுக்கிறார். எடுக்கட்டும். ஆனால் எந்தப் பொருளில் எடுக்கிறார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். பெருங்கொடுமை என்ற பொதுப் பொருளிலா, 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையின் பொருளிலா? அந்த உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு ஐந்து வகைச் செயல்களைச் சொல்கிறது. அவற்றில் எது நடந்தாலும், ஒரு தேசிய, இன, மத மக்கட்பிரிவை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்தது என்று காட்ட வேண்டும். வழக்குகள் பெரும்பாலும் இந்த ‘நோக்கம்’ என்ற இடத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன.

தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பர் 29 அன்று இஸ்ரேல் மீது தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2024 ஜனவரி 26 அன்று இடைக்கால உத்தரவு போட்டது. காசா மக்கள் இனப்படுகொலையிலிருந்து காக்கப்படும் உரிமை, ஏற்கத்தக்க அடிப்படை உள்ள கோரிக்கை என்று நீதிமன்றம் சொன்னது. உலகமெங்கும் பலர் அதை ‘இனப்படுகொலை நடப்பதாகக் கொள்ள இடமிருக்கிறது என்று நீதிமன்றம் கூறியது’ என்று எழுதினார்கள். அப்போது தலைவராக இருந்த நீதிபதி ஜோன் டோனஹ்யூ சில மாதம் கழித்து ஒரு பேட்டியில், நாங்கள் சொன்னது உரிமையைப் பற்றி, இனப்படுகொலை நடக்கிறதா என்பதைப் பற்றி அல்ல என்று விளக்க வேண்டி வந்தது. கொல்லப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை இந்த விளக்கத்தால் ஒன்றுகூடக் குறையாது. நாங்களும் யாரையும் மென்மையாகப் பேசச் சொல்லவில்லை. ‘நீதிமன்றம் சொல்லிவிட்டது’ என்பதும் ‘என் கணிப்பில் இது இனப்படுகொலை, காரணம் இவை’ என்பதும் வேறு வேறு கூற்றுகள். இரண்டாவதைச் சொல்லத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு உள்ளவர் முதலாவதன் பின்னால் ஒளியத் தேவையில்லை. இந்தச் சொல்லின் எடையைக் காப்பது ஈழத் தமிழருக்கு வேறு எவரையும்விட அவசியம், ஏனென்றால் அவர்களின் வழக்கும் இன்னும் இதே சொல்லை நம்பித்தான் காத்திருக்கிறது.

‘பேராசிரியர்’ என்ற ஒற்றை அடைமொழியையும் விட்டுவிடுங்கள். சங்க இலக்கியத் தொகுப்பு முறையில் முப்பது ஆண்டு உழைத்த ஒருவரை உக்ரைன் போர் எப்போது முடியும் என்று கேட்டு, பெயருக்குக் கீழே ‘பேராசிரியர்’ என்று மட்டும் போட்டால், வாசகர் அவர் போரியல் நிபுணர் என்று எண்ணுவார். பெயருக்குக் கீழே குறைந்தது துறையும், பேசும் பொருளில் அவர் செய்த வேலையும் வர வேண்டும். ‘வரலாறு, பாக் நீரிணை மீன்பிடிச் சமூகங்கள் குறித்து ஆய்வு’ என்று ஆறேழு சொல் போதும். கட்சிப் பொறுப்பு, அரசுக் குழு உறுப்பினர் பதவி, ஆய்வு நிதி தந்த அமைப்பு இருந்தால் அதுவும். கட்சிக்காரராக இருப்பது குற்றமல்ல. அதை மறைத்துவிட்டு நடுநிலை என்று உட்கார வைப்பதுதான் தவறு.

எதிர்காலம் சொல்லச் சொல்வதும் நிற்க வேண்டும். அமெரிக்காவில் பிலிப் டெட்லாக் என்ற உளவியல் அறிஞர் 284 அரசியல், பொருளாதார வல்லுநர்களின் கணிப்புகளை இருபது ஆண்டுபோல் சேகரித்து 2005இல் முடிவை வெளியிட்டார். தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் அதிகம் வருகிறவர்களின் கணிப்பு மற்றவர்களுடையதைவிட மோசமாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரே கொள்கையால் விளக்குபவரைத்தான் ஊடகம் விரும்புகிறது. அவர்தான் அதிகம் தவறுகிறார். கலைப்புலத்தாரின் உண்மையான சரக்கு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு சொல் எப்போது புழக்கத்துக்கு வந்தது, யார் கொண்டுவந்தார்கள், இதேபோல் முன்பு நடந்தபோது என்ன ஆயிற்று, அந்த ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது, எது எழுதாமல் விடப்பட்டிருக்கிறது. மும்மொழி பற்றிப் பேசும்போது அடுத்த தேர்தலைக் கணிக்கச் சொல்லாதீர்கள். 1938இல் கட்டாய இந்தி வந்த விதத்தையும், 1940 பிப்ரவரியில் அது எந்தச் சூழலில் திரும்பப் பெறப்பட்டது என்பதையும் கேளுங்கள்.

தொலைக்காட்சி விவாதம் பற்றிச் சுருக்கமாக. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரமும் நெறியாளர் பேச்சும் போக 40 நிமிடம் மிஞ்சியது என்றே வைத்துக்கொண்டாலும், ஐந்து பேருக்கு ஆளுக்கு 8 நிமிடம். அதுவும் குறுக்கீட்டோடு, நான்கைந்து துண்டாக. ஒன்றரை நிமிடத் துண்டில் கச்சத்தீவு ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவையும் 6ஆம் பிரிவையும் வேறுபடுத்திக் காட்ட முடியாது. அதனால் அங்கே போகும் ஆசிரியர்கள் முன்கூட்டியே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது: சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம், அதற்கு ஒரே ஓர் ஆவணம், தேதியோடு. அதைத் தாளில் எழுதி, வாய்விட்டுப் படித்து, ஒரு நிமிடத்துக்குள் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நிபந்தனையை வாக்கியத்தின் தலையில் வைத்தால் வெட்டுப்படும் என்று தெரிந்திருப்பதால், அதைத் தனி வாக்கியமாகச் சொல்லலாம்: “இதில் ஒன்று இன்னும் உறுதியாகவில்லை. அது மண்ணடுக்கு.” தனி வாக்கியத்தை வெட்டுவது கடினம், வெட்டினால் வெட்டியது தெரியும். கேள்வி தன் துறைக்கு வெளியே போகும்போது ‘அது என் படிப்பல்ல, இன்னாரைக் கேளுங்கள்’ என்று வேறொருவர் பெயரைச் சொல்ல வேண்டும். வகுப்பில் மாணவன் கேட்டால் இதைத் தயங்காமல் சொல்கிறவர்கள் கேமரா முன்னால் சொல்லத் தயங்குகிறார்கள். சக ஆசிரியர்கள்மேல் எங்களுக்கு உள்ள பெரிய வருத்தம் இதுதான்.

பேசினால் என்ன ஆகும் என்ற பயத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், விதி 8 ஊடகத்தில் பங்கேற்பவர் தன் சொந்தக் கருத்து என்று தெளிவுபடுத்த வேண்டும் என்கிறது. விதி 9 அரசின் நடப்புக் கொள்கையை அல்லது நடவடிக்கையைப் பாதகமாக விமர்சிப்பதையும், வெளிநாட்டுடனான உறவைச் சங்கடத்தில் ஆழ்த்தும் பேச்சையும் தடுக்கிறது. தமிழ்நாட்டின் 1973ஆம் ஆண்டு விதிகளின் போக்கும் ஏறக்குறைய இதுவே. அரசுக் கலைக் கல்லூரி ஆசிரியர் அரசு ஊழியர். விதி அவரை நேரடியாகக் கட்டும். அரசு உதவி பெறும் கல்லூரி ஆசிரியர் 1976ஆம் ஆண்டின் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வருபவர். அவருக்கு மேலே நிர்வாகம் இருக்கிறது. சுயநிதிக் கல்லூரியில் நடைமுறையில் பணி ஆணை ஒன்றுதான் சட்டம். கௌரவ விரிவுரையாளருக்கு அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பதே தெரியாது. ஒரே கருத்தை நான்கு பேரும் சொன்னாலும் நான்கு பேரும் கொடுக்கும் விலை ஒன்றல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1940இலேயே, ஆசிரியர் குடிமகனாகப் பேசும்போது நிறுவனம் அவரைத் தணிக்கை செய்யவோ தண்டிக்கவோ கூடாது என்றும், அவர் தம் பங்குக்குத் துல்லியமாகப் பேச வேண்டும், நிறுவனத்தின் சார்பில் பேசவில்லை என்று தெரிவிக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தது. உரிமையும் கடமையும் ஒரே பத்தியில் இருக்கும் அந்த ஏற்பாடு நம் விதிகளில் இல்லை. வேண்டும்.

2025 மே மாதம் அசோகா பல்கலைக்கழக அரசியல் அறிவியல் இணைப் பேராசிரியர் அலி கான் மஹ்மூதாபாத், ஆபரேஷன் சிந்தூர் பற்றிய சமூக ஊடகப் பதிவுகளுக்காக ஹரியானா காவல்துறையால் கைது செய்யப்பட்டார். மே 21 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தந்தது. வழக்குக்குரிய பதிவுகளைப் பற்றி எழுதவோ பேசவோ கூடாது என்று நிபந்தனை போட்டது. பதிவில் உள்ள சொற்றொடர்களின் பொருளை ஆராய மூன்று ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட குழுவையும் அமைக்கச் சொன்னது. ஒரு வாக்கியத்தின் பொருளுக்காக ஒருவர் சிறைக்குப் போய்வர வேண்டியிருக்கும் காலத்தில், வாக்கியத்தை வெட்டும் கை எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதை உங்கள் மேசையில் இருப்பவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். கட்டுரை எழுதுபவர் தலைப்பு வைப்பதில்லை. ஆனால் விளக்கம் கேட்டு வரும் குறிப்பாணையில் முதலில் மேற்கோளாக வருவது தலைப்பு.

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள். தொலைபேசியில் கருத்துக் கேட்டால், அச்சுக்குப் போகும் இரண்டு வரியை அவருக்குத் திரும்பப் படித்துக்காட்டுங்கள். மூன்று நிமிட வேலை. கருத்தை மாற்ற அவருக்கு உரிமை கொடுக்கச் சொல்லவில்லை. நிபந்தனை விடுபட்டிருந்தால் சொல்ல மட்டும் வாய்ப்பு. தலைப்பில் ‘உறுதி’, ‘அதிரடி’, ‘விளாசல்’ போன்ற சொற்களை ஆய்வாளர் பெயரோடு சேர்க்காதீர்கள். அவசரமில்லாத பொருளுக்கு ஒரு நாள் அவகாசமும் 1,200 சொல்லும் கொடுங்கள். அன்று மாலை ஆறு மணிக்குக் கேட்டு ஏழு மணிக்குள் 150 சொல் வாங்கினால், அவருக்கு ஏற்கெனவே மனப்பாடமாக இருப்பதுதான் கிடைக்கும். தவறு நேர்ந்தால் திருத்தத்தை அதே பக்கத்தில் போடுங்கள். அவர் தவறியிருந்தால் அவர் பெயரில், நீங்கள் தவறியிருந்தால் உங்கள் பெயரில்.

சென்னையில் இருக்கும் பத்துப் பதினைந்து பேரையே திரும்பத் திரும்பக் கேட்பதையும் மாற்றலாம். ராமநாதபுரம் கடற்கரையைப் பற்றித் தெரிந்தவர் ராமநாதபுரத்தில் இருப்பார். பாளையங்கோட்டையிலும் கும்பகோணத்திலும் திருப்பத்தூரிலும் பெரிய நூலகங்களும், அவற்றில் வருடக்கணக்காக உட்கார்ந்து படித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பெண்கள். விவாத மேடையில் பெண் பேராசிரியர்களை மகளிர் தினத்துக்கு மட்டும் அழைக்கும் வழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை. துறைவாரியாக ஒரு பட்டியல் தயாரித்து, ஒவ்வொரு கல்லூரியிலும் யார் எதில் வேலை செய்கிறார்கள் என்று குறித்துவைக்க ஒரு பயிற்சி நிருபருக்கு ஒரு மாதம் ஆகும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதும் தமிழ் ஆய்வாளர்களும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். தமிழில் எழுதத் தயங்குகிறவரிடம் பேட்டியாக எடுத்து எழுதிக்கொள்ளலாம்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் வரும். ராமேசுவரத்திலிருந்து படகு கிளம்பும் படத்தோடு எல்லாப் பத்திரிகைகளும் செய்தி போடும். வரும் திருவிழாவின்போது 1974 ஒப்பந்தத்தின் 5, 6ஆம் பிரிவுகளையும் 1976 கடிதத்தின் தொடர்புடைய பத்தியையும் முழுதாகத் தமிழில் பெயர்த்து ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். இரண்டும் சேர்ந்து கால் பக்கம்கூட வராது. பக்கத்தில் ராமநாதபுரம் ஆவணங்களைப் படித்த ஒருவரும், சர்வதேசச் சட்டம் படித்த ஒருவரும், யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரும் ஆளுக்கு 600 சொல் எழுதட்டும். மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துத் தரவும், எழுதக்கூடியவர்களின் பெயர்களைத் தரவும் நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வரலாறு, தமிழ், அரசியல் அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.
(பெயர்களும் முகவரிகளும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)